உள்பக்கக் கைப்பிடி

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறான் மகன். மூடியிருக்கிறேன். பெட்ரோல் வாடையும் கிராம்புத் தைல வாடையும் கலந்து வருகின்றன. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற ஷெட் வேறு எப்படி இருக்கும். காரின் மேல் போட்ட துணியை மகனும் டாக்டரும் இழுக்கிற சத்தம் கேட்கிறது. என்ன நிறம் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஆச்சரியப்படுவது எப்படி என்பதுதான் மறந்துவிட்டது. வாயைக் கொஞ்சம் திறந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

— இன்னும் திறக்காதேம்மா. டாக்டர், அந்த முனையைப் பிடிங்க, கண்ணாடியில மாட்டுது பாருங்க.

— பிடிச்சிட்டேன். இழு, வலிக்காது.

— ம்மா, இப்பத் திற!

— அட.

— அவ்வளவுதானா?

— பச்சை. நல்லா இருக்குப்பா.

— வெறும் பச்சையா? இந்தப் பச்சை வர்ற வரைக்கும் கலந்து கலந்து பெயிண்டர் கடைசியில அழுதே போயிட்டார்.

— அழலைம்மா. கண்ணுல தின்னர் பட்டுடுச்சு. நான்தான் கழுவிவிட்டேன்.

— பல் டாக்டர் கண்ணு பார்த்தீங்களா?

— ஞாயித்துக்கிழமை இந்த ஷெட்டுல நான் எல்லாமும்தாம்மா.

— எதையும் புதுசாப் பண்ணலைம்மா. எப்படி இருந்துச்சோ அப்படி. அதான் விஷயமே. விளக்கு ஒருத்தர் அனுப்பினார், வீல் கப் ஒருத்தர் அனுப்பினார். சீட்டு தைச்சவர் போலீஸ்ல இருக்கார்.

— தையல் நேராத்தான் இருக்கு.

— அப்பா இருந்து பார்த்திருக்கணும்.

— ம்.

— என்ன ம்?

— பார்த்திருந்தா மறுபடி ஒரு தடவை துடைச்சிருப்பார்.

— துடைக்கட்டும், யார் வேண்டாங்கறா. அவர் வித்த அதே வண்டிம்மா, அதே நம்பர். மர வியாபாரி கொட்டகையில, இதுக்குள்ள கோழி முட்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு. நம்ம பழைய கார் குரூப் ஆள் ஒருத்தர் விறகு வாங்கப் போனவர் பார்த்துட்டு, விறகை விட்டுட்டு ஓடி வந்தார். சரி, டாக்டர், பின்கதவைக் காட்டுங்க. அதான் விஷயமே.

— அம்மா, இந்தக் கதவுல உள்பக்கம் என்ன இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்.

— கைப்பிடி இல்லை.

— பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல டாக்டர்? ஒரே பார்வை! நாம ஒரு மழைக்காலம் முழுக்க அடிச்சுக்கிட்டோம்.

— இல்லாததைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்மா. வண்டி வந்தப்ப ரெண்டு பின்கதவுலயும் உள்ள கைப்பிடி இருந்துச்சு. நாங்களும் அதுதான் கம்பெனி வச்சதுன்னு நம்பி பாலிஷ் போட்டு வச்சிருந்தோம். அப்புறம் உங்க பையன் அந்த போட்டோவைக் கொண்டு வந்தான்.

— அப்பா கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார், நீ இறங்குறே. அந்த போட்டோ. பெருசு பண்ணிப் பார்த்தா கைப்பிடி இருக்கவேண்டிய இடத்துல கறுப்பா ஒரு வில்லை! கைப்பிடியே கிடையாது!

— பின்னாடி வாங்கின மர வியாபாரிதான் மாட்டியிருக்கான். ரசனை கிடையாது.

— அவருக்கு எல்லாம் பொண்ணுங்கன்னு கேள்வி.

— அதுக்கும் இதுக்கும் என்னம்மா?

— ஏறினா இறங்கணும்ல.

— சரிம்மா, ஆனா ஒரிஜினல்னு ஒண்ணு இருக்கே. அன்னைக்கே கழட்டிட்டோம். கதவுக்கு ஒரு ஸ்க்ரூ. வண்டிக்கு வலிக்கவே இல்லை.

— இந்தக் கறுப்பு வில்லை?

— கம்பெனி மூடிம்மா. எங்க தேடியும் கிடைக்கலை. நம்ம லேத் பட்டறைக்காரர் போட்டோவைப் பார்த்தே கடைஞ்சு கொடுத்தார். உத்துப் பாருங்க, நடுவுல நாலு ஓட்டை. அதைக்கூட விடலை.

— நாலு ஓட்டை எதுக்காம்?

— தண்ணி வடியறதுக்கு.

— கதவுக்குள்ளேருந்து காருக்குள்ளயா?

— அந்தக் காலத்து டிசைன் அப்படிம்மா.

— பட்டன் மாதிரி இருக்கு.

— முதல்ல பார்க்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

— என் பழுப்பு ஸ்வெட்டர்ல இப்படித்தான் இருந்துச்சு. கீழ ரெண்டு பட்டன் இல்லாமலே கிழியற வரைக்கும் போட்டேன்.

— ம்மா, ஸ்வெட்டர் கதையை வீட்டுல சொல்லு. இந்தக் கண்ணாடியைச் சுத்தி இறக்கிப் பாரு.

— நாலு விரல் அளவுதான் இறங்கும்.

— டாக்டர், சத்தியமா இவங்ககிட்ட நான் சொல்லவே இல்லை!

— பிரமாதம்மா. கதவைப் பிரிச்சா உள்ள ஒரு மரத்துண்டு, கண்ணாடியை மேற்கொண்டு இறங்கவிடாம முட்டுக்கொடுத்து நிக்குது. கண்ணாடி ஆடாம இருக்க கம்பெனிக்காரன் வச்சிருக்கான். வார்னிஷ் அடிச்சு அதே இடத்துல வச்சிட்டோம்.

— நம்ம வீட்டுக் கட்டில் நிறத்துல இருந்திருக்குமே.

— ஆமா! அச்சு அசலா அதே நிறம்! எப்படிம்மா?

— சும்மா கேட்டேன்.

— அம்மாவுக்கு ஞாபகசக்தி பயங்கரம். நாம பேங்க் மேனேஜரை நம்பினதுக்கு இவங்களை முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம்.

— யார் அது பேங்க் மேனேஜர்?

— நம்ம குரூப்தாம்மா. இதே வண்டி அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. நம்ம போட்டோவைப் பார்த்ததும் அவரும் பின்கதவு கைப்பிடியைக் கழட்டிட்டார். போன வாரம் அவங்க மாமியாரைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டுப் போய், மருந்துக்கடையில நிறுத்திட்டு, ஞாபகமில்லாம அப்படியே பக்கத்துல சலூனுக்குள்ள போயிட்டார்.

— அந்த அம்மா?

— உள்ளேயேதான். முடிவெட்டி, ஷேவ் பண்ணி, ஆற அமர வந்திருக்கார்.

— என்ன சொன்னாங்களாம்?

— இறங்கினதும் சொல்றேன்னாங்களாம். இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காங்களாம்.

— பாவம்.

— பாவம்தான். ஆனா கைப்பிடியை அவர் திரும்ப மாட்டலைம்மா, அதைச் சொல்லணும். கொள்கைக்காரர்.

— ம்மா, இப்ப நாளைய விஷயம். கண்காட்சியில நடுவருங்க முதல்ல இதைத்தான் கேப்பாங்க. கைப்பிடி எங்கேம்பாங்க. போட்டோவைக் காட்டினா, யாராவது நடுவுல கழட்டியிருப்பாங்கம்பாங்க. முதல் முதலா வாங்கின வீட்டு ஆள் வந்து நேர்ல சொன்னா ஒத்துக்கணும். அது விதி.

— நான் என்ன சொல்லணும்?

— கம்பெனியிலேருந்தே இப்படித்தான் வந்துச்சுன்னு ஒரு வார்த்தைம்மா. வலிக்காது.

— ஏன் அப்படி வந்துச்சுன்னு கேட்டா?

— குழந்தைகளுக்காகன்னு சொல்லுங்க. பின்சீட்டுல விளையாடற குழந்தை கதவைத் திறந்துடக்கூடாதுல்ல? இன்னைக்கு வர்ற கார்ல இருக்கிற பூட்டை அவன் அன்னைக்கே யோசிச்சிருக்கான். இதைப்பத்தி நான் குரூப்ல நீளமா எழுதினேன். படிச்சுட்டு வெளிநாட்டுல ரெண்டு பேர் கழட்டிட்டாங்க.

— நீ சின்னதுல இந்தக் கார்ல எங்க உக்காருவேப்பா?

— நானா? முன்சீட்டுல, அப்பா பக்கத்துல. எப்பவும்.

— பின்னாடி?

— நீதான். ராணி மாதிரி.

— வீட்டுல வேற குழந்தை இல்லையே.

— ம்மா, கம்பெனிக்கு நம்ம வீட்டைத் தெரியுமா? பொதுவா யோசிச்சிருப்பான். நாளைக்கு நாம உள்ள நுழையறதை எப்படி வச்சிருக்கேன் தெரியுமா? நான் ஓட்டுவேன், நீ பின்னாடி. நிறுத்திட்டு இறங்கி, வண்டியைச் சுத்தி வந்து, உனக்குக் கதவைத் திறந்துவிடுவேன். அப்பா மாதிரியே! அந்த போட்டோ மாதிரியே!

— ஓ.

— டாக்டர், எங்கப்பா எங்க போனாலும் அம்மாவுக்கு அவரே இறங்கி வந்து கதவைத் திறந்துவிடுவார். மழை பெஞ்சாலும். தெருவே பேசும், பொண்டாட்டியை வச்சிருந்தா இப்படி வச்சிருக்கணும்னு. என் பொண்டாட்டி இன்னைக்கும் அதைச் சொல்லிக் குத்துவா.

— உங்க வீட்டுக்காரர் ஒரு தடவைகூடத் தவறினதில்லையாம்மா?

— தவறினதே இல்லை தம்பி. பேங்க் மேனேஜர் மாதிரி மறதிக்காரர் இல்லை.

— அதான் விஷயமே! சரி, இப்ப ஒரு ரவுண்டு ஒத்திகை. குரூப் ஆளுங்கல்லாம் கிளினிக் வாசல்ல கேமராவோட நிக்கிறாங்க. டாக்டர் முன்னாடி உக்காந்து இன்ஜின் சத்தத்தைக் கேக்கட்டும். நீ பின்னாடி ஏறும்மா.

— கைப்பிடி இருந்துச்சுப்பா.

— எது?

— வண்டி வந்தப்ப. ரெண்டு கதவுலயும் இருந்துச்சு. நுனி லேசா வளைஞ்சு இருக்கும். காலையில தொட்டா சில்லுன்னு இருக்கும்.

— அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போட்டோவுல இல்லையே?

— போட்டோ அப்புறம் எடுத்தது தம்பி. அதுக்கு முன்னாடி ஒரு நாள் ரயில்வே கேட்டுல வண்டி நின்னுச்சு. அவர் பேசிக்கிட்டு இருந்தார். நான் கதவைத் திறந்து இறங்கி நடந்துட்டேன்.

— எங்கேம்மா?

— எங்கேயும் இல்லை. பக்கத்துல இருக்கிற சின்ன வழியில குனிஞ்சு, தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம். நல்லா இருந்துச்சு.

— நான் எங்க இருந்தேன்?

— முன்சீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தே. அப்பா ஒரு கையை உன்மேலயே வச்சிருந்தார்.

— அப்புறம்?

— ரயில் போச்சு. கேட்டைத் திறந்தாங்க. வண்டி வந்துச்சு. ஹாரன் அடிக்கலை, திட்டலை. நான் நடக்க நடக்கப் பக்கத்துலயே மெதுவா வந்துச்சு. நீ எழுந்துட்டே, கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சே. ஏறிக்கிட்டேன்.

— ம்மா...

— அந்த ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூடிரைவரோட உக்காந்தார். சாயங்காலம் கைப்பிடி ரெண்டும் இல்லை. ஓட்டை அசிங்கமாத் தெரியுதுன்னு எங்கிட்டயே வந்து பட்டன் கேட்டார். மரத்துண்டு எப்ப வச்சார்னு எனக்குத் தெரியாது. கட்டில்தான் ஒரு பக்கம் ஆடிக்கிட்டு இருந்துச்சு.

— அப்ப... கம்பெனி கைப்பிடியோடதான் அனுப்பியிருக்கானா?

— ஆமா தம்பி.

— நான் அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு என்னன்னு எழுதுவேன்?

— மாட்டிக்கச் சொல்லுங்க தம்பி. வலிக்காது.

— டாக்டர், கொஞ்சம் சும்மா இருங்க. ம்மா, இத்தனை வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லலை?

— நீ அவர் கதவைத் திறந்துவிடறதைப் பார்த்தே. வெளியிலேருந்து பார்த்தா அது அழகாத்தான் இருந்துச்சு.

— கைப்பிடியைத் திரும்ப மாட்டிடலாம். டாக்டர், கழட்டினதை எங்க வச்சீங்க?

— கிளினிக்குல. பல்செட் டப்பா எதுலயோ போட்டேன். தேடணும். ராத்திரிக்குள்ள எடுத்துடலாம்.

— ராத்திரி மாட்டிடறோம்மா. நடுவருங்ககிட்ட நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். பரிசு போனாப் போகட்டும். ஆனா இப்ப இந்த ஒரு ரவுண்டு மட்டும் ஏறிக்கோ. எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க, என்னன்னு சொல்றது? நான்தானே ஓட்டுறேன்? நான் இருக்கேன்ல? நீ சொல்ற இடத்துல நிறுத்தி, நானே வந்து திறந்துவிடறேன்.

— அவரும் இதேதாம்பா சொன்னார்.

— ம்மா, நான் அப்பா இல்லை.

— தெரியும். அழாதே, பெயிண்டர் மாதிரி.

— அப்ப ஏறேன்.

— நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. பக்கத்துல மெதுவா வராதீங்க, முன்னாடி போயிடுங்க. நான் நடந்து வர்றேன்.