தம்பி நம்பர்

கிட்ட வாங்கடா, கரண்ட் வர்ற வரைக்கும் சொல்றேன். நம்ம புகழேந்தியோட மச்சான் நவீன்குமாருக்கு நடந்தது இது.

பொழுது சாய்ஞ்சு ஏழு மணி... ஏலகிரி அடிவாரம், ஆளே இல்லாத மண்ரோடு. நவீன் கல்யாணத்துக்கு ட்ரோன்ல வீடியோ எடுக்கிறவன். ரிமோட்டுக்கு எட்டாத தூரமும் போகட்டும்னு ட்ரோன்ல சிம் போட்டு வச்சிருந்தான். சிக்னல் அறுந்தா, கிளம்புன எடத்துக்கே தானா திரும்பிடும்.

அவன் தம்பி ஜெயசீலன், தோல் பதப்படுத்துற டேனரில வேலை. வீட்டுல சண்டை போட்டு, போனை வீசிட்டு மலையேறி ரெண்டு நாளாச்சு. தேடப் போனவங்க இருட்டுனதும் இறங்கிட்டாங்க. "காலைல பாக்கலாம்பா"ன்னாங்க. காலைல வரைக்கும் தாங்குவானா?

ட்ரோனைக் கிளப்பப் பாத்தா, சிம்முல நெட் பேக் காலி. தம்பி வீசிட்டுப் போன போன் நவீன் பையில இருந்தது. அந்த சிம்மைக் கழட்டி ட்ரோன்ல சொருகிட்டான். அங்கதான்டா தப்பு பண்ணிட்டான்.

விர்ர்ர்னு ஏறுச்சு. லைட்டு வெளிச்சத்துல பாறை... புதர்... பாறை. "சீலா, எங்கடா இருக்க"ன்னு ட்ரோன் படம் தெரியுற டேப்லெட்டைப் பாத்து அழறான்.

நவீன் போன் அடிச்சது.

தம்பி நம்பர்.

அந்த நம்பர் மேல ட்ரோன்ல பறந்துகிட்டிருக்கு. அதுல பேச மைக்கே கெடையாது...

எடுத்தான். ஒரே காத்து சத்தம். அப்புறம்... "ணா, லைட்டு தெரியுது ணா. பின்னாலயே வர்றேன். போய்டாத."

சிக்னல் சுத்தமா போச்சு. டேப் கறுப்பாயிடுச்சு. ட்ரோன் தானா திரும்பி வர்ற சத்தம் மட்டும் கேக்குது... கிட்ட... இன்னும் கிட்ட.

தலைக்கு மேல வந்ததும் படம் திரும்ப வந்தது. ரோட்டுல நவீன் நிக்கிறான். பக்கத்துல இன்னொரு தலை.

சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த நாத்தம் குப்புன்னு அடிச்சது. மலையடில ஏது டேனரி?

நவீன் திரும்பியே பாக்கல. பாத்தா போய்டுவானோன்னு பயம். ட்ரோனை இறக்கவும் இல்ல. பேட்டரி தீர்ற வரைக்கும் அந்தப் படத்தையே பாத்துகிட்டு, "சாப்டியாடா... சாப்டியாடா"ன்னு கேட்டுகிட்டே நின்னான்.

விடிஞ்சதும் பாறை இடுக்குல பாடி கெடச்சது. மலையேறுன மொத நாளே உயிர் போய்டுச்சாம்.

ட்ரோனைத் தொறந்து பாத்தா... சிம் இல்ல.

தம்பி வலது கை இறுக மூடியிருந்தது. புகழேந்திதான் ஒவ்வொரு வெரலா பிரிச்சான்.

உள்ள, அந்த சிம்.