பேர் தெரிஞ்ச நாள்

— அப்போ எனக்குப் பைத்தியம் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரா?

— சொல்லிட்டாருடா தம்பி. நரம்பு வியாதிதான். முதுகுத்தண்டுல எடுத்த நீர்லயே தெரிஞ்சுபோச்சாம்.

— இதைச் சொல்ல எத்தனை டாக்டரைப் பார்த்தோம்க்கா! ஒருத்தர் வைட்டமின் குறைச்சல்னார். ஒருத்தர் எலும்பு தேய்மானம்னார். கடைசியா பார்த்த ஆளு, எல்லாம் மனப்பிரமை, சலூனை இழுத்து மூட சாக்கு தேடுறியான்னார்.

— அந்தாளு பேச்சை எடுக்காத. எனக்கு வாயில நல்லா வந்துடும்.

— சரி, வியாதிக்குப் பேர் என்னவாம்?

— இங்கிலீஷ்ல நீட்டமா சொன்னார், பாதியிலேயே விட்டுட்டேன். கிருமி வந்தா அடிக்கறதுக்குன்னு உடம்புல ஒரு காவல் இருக்குல்ல? அது ஆள் தெரியாம உன் நரம்பையே அடிக்குதாம். ஒயர் மேல இருக்கற ரப்பரை உரிச்சுப் போட்டா எப்படி, அப்படி.

— வாடிக்கைக்காரங்களுக்குத்தான் என்னைப் பிடிக்கலைன்னு பார்த்தா, என் உடம்புக்கே பிடிக்கலையா!

— ஜோக்கு வேற உனக்கு.

— பின்ன என்னக்கா? சவரம் பண்றப்போ அந்த வாத்தியார் கன்னத்துல கிழிச்சேனே, அவர் கத்தினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. விரல்ல கத்தி இருக்கற மாதிரியே இல்ல... நிக்க முடியாம போன கால் திரும்ப வந்துடுமா?

— தண்ணி குடிக்கறியா?

— அக்கா.

— ஆரம்பத்துலயே மருந்து ஏத்தியிருந்தா வந்திருக்குமாம்.

— ஆரம்பத்துலயே அலைஞ்சோமே! வராந்தா வராந்தாவா உட்கார்ந்து கிடந்தோமே!

— நானும் அதையேதான் கேட்டேன். காலைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறார்டா.

— அப்போ இனிமே நின்னு முடி வெட்டுறது அவ்வளவுதான்.

— நிக்காட்டி என்ன? உனக்கும் ஒரு சுழல் நாற்காலி போடுவோம். உட்கார்ந்து வெட்டு, யாரு கேக்கப் போறா? கையில இன்னும் பலம் இருக்கு, அதையாவது காப்பாத்திடலாம்னார். நாளைக்கே டிரிப்ஸ் ஏத்தறாங்க.

— ம்.

— என்னடா ம்? எனக்கு இது போதும். போன உசிரு திரும்பி வந்த மாதிரி இருக்கு. நீ என்னடான்னா, என் கையைப் பிடிச்சிருக்கறதைக்கூட இப்படி தொளதொளன்னு... இறுக்கிப் பிடிடா.

— நீ வந்து உட்கார்ந்ததுலேர்ந்து இறுக்கித்தான்க்கா பிடிச்சிருக்கேன்.