ஆரம்பாக்கத்துக் கீபோர்டு

பகல் பன்னிரண்டு மணி… ராத்திரி இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டப்பகல். ஆரம்பாக்கத்தில் ஹைவேயை விட்டு ஏரிப் பக்கம் திரும்பும் சாலை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஆள் இல்லை, ஆடு இல்லை. தார் உருகும் வாசனை, அதற்கு மேல் ஏரிச் சேற்றின் வாடை. அந்தச் சாலையில் ஒரே ஒரு பைக் போகிறது. ஓட்டுவது என் கூட்டாளி முரளி. பின்னால் அவனுடைய சித்தி லோகநாயகி. மடியில் ஒரு பழைய போர்வையை மடித்து வைத்திருக்கிறாள். வாங்கப் போகிற கீபோர்டைச் சுற்றி எடுத்துவர.

சிரிக்காதே, வேணு. பேய் இருட்டில்தான் வரும் என்று உனக்கு யார் சொன்னது? கிட்டே வந்து உட்கார். கடைசியில் நீதான் முதலில் எழுந்து ஓடுவாய்.

லோகநாயகிக்கு ஒரே பிள்ளை. பழவேற்காட்டுக்கு வடக்கே ஒரு குப்பம். பையன் பெயரை நான் சொல்ல மாட்டேன். தண்ணீரில் போய் உடம்பு கிடைக்காதவன் பெயரை அந்தக் குப்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் ஏரி உடம்பைத் திருப்பித் தராதாம். நான் அந்த ஊரில் பெண் எடுத்தவன், எனக்கு எதற்கு வம்பு?

பையனுக்குக் கீபோர்டு என்றால் உயிர். கோயில் திருவிழாக் கச்சேரியில் வாசிப்பான். வீட்டில் மைக்கைச் செருகி, தானே பாடி, அந்தப் பெட்டிக்குள்ளேயே பதிவு செய்வான். அம்மாக்காரிக்கு அது பிடிக்கவில்லை. "நீ கரைல குந்திக்கினு டொய்ங் டொய்ங்னு தட்டினிருந்தா உங்க நைனாகூட வலைக்கு யாருடா போவா?" என்று தினமும் கரைச்சல். ஒருநாள் அவன் கீபோர்டை விற்கப் போனில் போட்டோ போட்டான். யாரோ பொன்னேரிக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து அப்பா வேலுவோடு படகில் போனான்.

மார்கழியில் ஒரு பனி நாள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. வேலு நீந்தி வந்தார். பையன் வரவில்லை. பதினாறு நாள் தேடினார்கள். சட்டைகூடக் கிடைக்கவில்லை.

நாலு மாதம் போனது. ஒருநாள் லோகநாயகி முரளி வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி.

"முரளி… அவன் கொரலு மறந்து போவுதுடா. மூஞ்சி கீது, போட்டோல பாத்துக்கறேன். கொரலு… எவ்ளோ நெனச்சாலும் வர மாட்டேங்குது. உங்கிட்ட இன்னா கீது?"

முரளியிடம் எதுவும் இல்லை. பழைய போன் தொலைந்து வருஷமாகிறது. பையனின் போன் பையனோடு போய்விட்டது. அப்போதுதான் முரளிக்கு அந்தக் கீபோர்டு ஞாபகம் வந்தது. அவன் பாடியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்குமே!

பழைய சாமான் விற்கும் ஆப்பில் பத்து நாள் தேடினான். கிடைத்தது. கை மாறிக் கை மாறி ஆரம்பாக்கம் போயிருந்தது. போட்டோவில் ஓரக்கட்டை ஒன்று மூளியாக இருந்ததை லோகநாயகி பார்த்தவுடன் கண்டுகொண்டாள். ஆனால் கீழே ஒரு வரி: "மெமரி முழுக்க அழித்துத் தரப்படும்." விற்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். லோகநாயகி போனைப் பிடுங்கி, பேசும் பக்கம் எது என்றுகூடத் தெரியாமல், "அழிக்காதப்பா! உன் கால்ல விழறேன், அழிக்காத!" என்று கத்தினாள். முரளி அதையே எழுதி அனுப்பினான். பதில் வரவில்லை. அதனால்தான் அந்தப் பன்னிரண்டு மணி வெயிலில் பைக்.

விற்கிறவன் பெயர் பிராங்க்ளின். சர்ச்சில் வாசிக்கும் பையன். கீபோர்டை வீட்டுக்குள்கூட வைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே, ஒரு ஸ்டூல் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"ஆன்ட்டி, அழிச்சிட்டேன். ஒரு தபா இல்ல, ரெண்டு தபா. மறுநா பகல்ல பாத்தா திரும்பவும் ஒண்ணு உள்ள கீது. நான் கேக்கல… பாதிலயே நிறுத்திட்டேன். நீங்க எடுத்துக்கினு போங்க, அது போதும்."

முரளி இரண்டு அடி பின்வாங்கினான். லோகநாயகிக்கோ 'ஒண்ணு கீது' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பொத்தானை அழுத்தினார்கள். பாட்டு இல்லை. தண்ணீர்ச் சத்தம்… ஆழத் தண்ணீர், கனமாகப் புரளும் சத்தம். நடுவில் யாரோ மூச்சு வாங்குகிறார்கள். ரொம்பத் தூரத்திலிருந்து, "அம்மா…"

அவ்வளவுதான். குரல் தேய்ந்துபோயிருந்தது. யாருடையது என்றே சொல்ல முடியாது. ஆனாலும் அவள் கதறிவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பனியில் படகு வழி தவறினால் கரையில் நிற்பவர்கள் தகரத்தைத் தட்டிக் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது பெயர் சொல்லியே ஆக வேண்டும். மொட்டையாக 'இங்க வா' என்றால் பனிக்குள் இருக்கிற எல்லாப் படகும் தன்னைத்தான் என்று நினைத்து வந்துவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். லோகநாயகிக்கும் தெரியும். ஆனால் பெயரைச் சொன்னால் உடம்பு கிடைக்காதே! அவள் எவர்சில்வர் தட்டை எடுத்தாள். கரண்டியால் தட்டினாள். கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து, "இங்கடா ராசா… கரை இங்க கீது… வந்துடு ராசா…" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

மறுநாள் உச்சிவேளையில் பழைய பதிவு இல்லை. அந்த இடத்தில் புதிதாக ஒன்று. சளக்… சளக்… முழங்கால் தண்ணீரில் நடக்கும் சத்தம். லோகநாயகிக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் வரை தட்டைத் தட்டினாள்.

அதற்கடுத்த நாள், சதக்… சதக்… சேறு. வேலு கேட்டுவிட்டார். நாலு மாதமாக மனைவியோடு பேசாத மனிதர், ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"நிறுத்துமே! பேர் சொல்லாம கூப்புடுறியே, உனுக்கு பைத்தியமா? அந்தத் தண்ணில நம்ம புள்ள ஒருத்தன்தான் போனானா?"

"ஒரே ஒரு தபா அவன் கொரல தெளிவா கேட்டுக்கறேன்… உட்ருய்யா." அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேலு தலையில் அடித்துக்கொண்டு, முரளியை அழைத்துவரப் போனார்.

நாலாம் நாள் உச்சிவேளை. குப்பத்தில் ஒரு காக்கா சத்தம்கூட இல்லை. முரளி வந்தபோது வேலு வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். தரையைக் காட்டினார். கொதிக்கிற மணலில் ஈரக் காலடிகள். ஏரிப் பக்கமிருந்து வாசல் வரைக்கும். பெரிய கால், சின்னக் கால், ஒரு கால் மட்டும் இழுத்து நடந்த தடம்… அழுகின பாசி நாற்றம்.

முரளி பின்பக்கமாக உள்ளே ஓடினான். வாசல் கதவு சாத்தியிருந்தது. லோகநாயகி கீபோர்டின் மேல் காதை வைத்துக் கிடந்தாள். தேய்ந்த குரல் இல்லை இப்போது. பளிச்சென்று கேட்டது.

"அம்மா."

"அம்மா…"

"எம்மா."

ஒரு குரல் இல்லை. பத்துப் பன்னிரண்டு குரல். எல்லாம் ஆம்பிளைக் குரல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று.

அவள் முரளியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எதுடா அவன் கொரலு? நீ சொல்லு! நீ அவன்கூடவே திரிஞ்சவன்தானே, எதுடா?"

முரளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். சத்தியமாக அவனுக்கும் தெரியவில்லை.

கதவை யாரோ தொட்டார்கள். தட்டவில்லை… நனைந்த உள்ளங்கையால் மெதுவாகத் தடவுகிற சத்தம். "தெறக்காத சித்தி" என்று முரளி காலில் விழுந்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுல ஒருத்தன் எம் புள்ளடா."

தாழ்ப்பாளை நீக்கினாள். ஒதுங்கி நின்று, "எல்லாரும் உள்ள வாங்கப்பா" என்றாள்.

முரளி அதற்குமேல் பார்க்கவில்லை. வந்த வழியே ஓடிவிட்டான். வேலு இப்போது பொன்னேரியில் தங்கச்சி வீட்டோடு இருக்கிறார். அவள் மட்டும் அங்கே. முரளி மாதம் ஒருமுறை அரிசி கொண்டுபோய் வேலி ஓரம் வைத்துவிட்டு வருவான். தினம் உச்சிவேளைக்குப் பெரிய குண்டானில் சோறு வடிக்கிறாள். வரிசையாகப் பதினொரு தட்டு போடுகிறாள். சோறு குறைகிறது… முரளி கண்ணால் பார்த்தான். அவள் ஒவ்வொரு தட்டின் முன்னாலும் குனிந்து, கெஞ்சிக் கெஞ்சிக் கேட்கிறாளாம், "ஒரே ஒரு தபா அம்மான்னு சொல்லுப்பா" என்று.

வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.