துரை காருக்கு வண்டி மை

— இது புஷ்ஷா ஓய், ரசலையன் டிரைவரே? ஓட்டச் சிரட்ட! விரல விட்டா ஆடுது.

— குளச்சல்ல வள்ளத்துக்குக் கப்பி கடையுத கைக்கு இதெல்லாம் எங்க வெளங்கும், சிலுவை? இது சீமைச் சாதனம். சூப்பர் சார்ஜர் புல்லி. எஞ்சினுக்குள்ள காத்தத் திணிக்குத பெட்டியச் சுத்த வைக்குத சக்கரம். கேட்டாவது இருக்கியா?

— கேக்காமலா அதுக்க அச்சுல மாட்டுத புஷ் வளையம் ரெண்டு புது வெண்கலத்துல கடைஞ்சு வச்சிருக்கேன்? தலமுடி கனம்கூட இடைவெளி காணாது, பாத்துக்கிடும். சனிக்கிழமப் பந்தயத்துக்குத் துரை மலையேறலாம். ஆனா பழசு தானாத் தேயல்ல ஓய், அரைபட்டிருக்கு. உள்ள கறுப்பு. மோந்து பாரும், ஆமணக்கெண்ணெயும் வைக்கோல் கரியும். வண்டி மை! பம்பரமாச் சுத்துத சாதனத்துக்கு, மாட்டு வண்டி அச்சுக்கு இடுத மை!

— அது கிளீனர் பொன்னுலிங்கத்துக்க வேல. வண்டிக்காரப் பய. கிரீஸ் தீந்தா எனக்க கிட்டச் சொல்லாண்டாமா, சவம்? எழுதிக்கிடும், ஜெபதாஸ் ரைட்டரே.

— சிலுவை மேஸ்திரி சொல்லுகதத்தான் நான் எழுதுவேன், ரசலையன். துரைக்க உத்தரவு அது. மை இட்டவனுக்கு இன்னைக்கே தோட்டத்துல சீட்டு கிழியும். பொன்னுலிங்கம் சாமி சத்தியமா தான் இல்லேங்கான். நாலு பிள்ளையளயும் வச்சுக்கிட்டு லைன் வீட்டுல அழுதுக்கிட்டுக் கெடக்கான்.

— அழட்டும். மாட்டு வால் பிடிச்சவனுக்கு மோட்டார் எதுக்கு? எங்கப்பன் மிசன் பள்ளிக்கூடத்து வாத்தியாரு. எங்க வீட்டுல வண்டி மையக் கண்ணால கண்ட ஆளு கெடையாது.

— கண்டிருந்தா உமக்கே சிரிப்பு வரும் ஓய். இதையும் மைன்னு சொல்லுவானா ஒருத்தன்? கிண்டின மடையனுக்குக் கரி அரிக்கவே தெரியல்ல. கட்டி கட்டியாக் கெடக்கு.

— கட்டியா? எங்க கட்டி? காட்டு.

— இந்தா, நெருடுது. எண்ணெயும் சரியாக் காயல்ல. இதப் படிப்பிச்சுக் குடுத்த அப்பன் ஒருத்தன் இருப்பானே, அவன் வண்டி எத்தன மட்டம் பாதி வழியில அச்சு ஒடிஞ்சு கெடந்துதோ!

— நாக்க அடக்கிப் பேசு, சிலுவை.

— பொன்னுலிங்கத்துக்க அப்பனச் சொன்னா உமக்கு எதுக்கு ஓய் வலிக்குது?

— எனக்கென்ன வலி? வேல முடிஞ்சாச்சுல்லா, புஷ்ஷ மாட்டு. நேரமாவுது.

— நில்லுங்க ரெண்டு பேரும். மேஸ்திரி, நான் என்னன்னு எழுத? பொன்னுலிங்கம்தான்னு எழுதட்டா?

— ஆளு ஆருன்னு எனக்குத் தெரியாது, ரைட்டரே. தெரிஞ்சத எழுதும். மை கிண்டத் தெரியாத மடையன். அவனப் பெத்தவன் அதவிடப் பெரிய மடையன். வண்டிக்காரன்னு வெளிய சொல்லவே நாணப்படணும்.

— ஆருலே மடையன், சிலுவை? மல்லுத் துணியில ரெண்டு தடவ அரிச்ச கரியாக்கும் அது! எங்கப்பன் முப்பது வருசம் கோட்டாறு சந்தைக்கு வண்டி அடிச்சாரு, இந்த மையில ஒத்த அச்சு ஒடிஞ்சதுண்டா?