புதுப் பொட்டலத்துக்குப் பழைய எடை

எல்லோரும் தராசுக்காரர் என்று அழைக்கும் எனக்கு வயது எழுபத்து நான்கு. சாயப்பட்டறையின் எடை மேசையில் நாற்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். மனைவி காலமான பிறகு, தபால் நிலையத்துக்குப் பின் தெருவில், மூன்றாம் மாடியில், மகள் வீட்டில் குடியிருக்கிறேன். எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார்.

மாப்பிள்ளை குடித்த தண்ணீரில் என் மகள் விஷம் கலந்தாள் என்று சம்பந்தியம்மாள் கொடுத்த புகாரில், மகளை நேற்று முதல் இந்தப் போலீஸ் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். டம்ளரைக் கொண்டுவந்து வைத்தது மகள். அதில் போட்ட தூளை நிறுத்துக் கொடுத்தது நான்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் வரைபவர். பதினொரு மாதத்துக்கு முன் மூன்று வேலைகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. அதன் பிறகு தபாலில் ஒரு வெள்ளிநிறப் பொட்டலம் வந்தது. உள்ளே உப்பு மாதிரி தூள். தூக்கம் வராமலிருக்க மருந்து என்றார். முதலில் வாரத்துக்கு ஒரு நாள், அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதன் பிறகு தினமும் இரண்டு வேளை என்று ஆனது. சோறு இறங்கவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. எதிர்வீட்டார் வேவு பார்க்கிறார்கள் என்று ஜன்னலுக்குப் போர்வை கட்டினார். "இப்படி முழிச்சிருக்கிறதுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போயிருக்கலாமே மாப்பிள்ளை" என்றேன். அப்போது சிரித்தார்.

ஆறாம் மாதம் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. அதன் பிறகு என்னைக் கூப்பிட்டு, "மாமா, உங்க கைதான் ஆடாம நிக்குது. நீங்களே நிறுத்துக் குடுங்க" என்று சின்னத் தராசை என் முன்னால் வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டதில்லை. அவர் எடையைக் கூட்டச் சொன்னபோதெல்லாம் கூட்டினேன். எந்தத் தேதியில் எவ்வளவு என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். வேலைக்குப் போய் வரும் மகளிடம், அது சத்து மருந்து என்று சொன்னவனும் நான்தான்.

சென்ற திங்கட்கிழமை மகளுக்கு விடுமுறை. காலை பதினொரு மணிக்குப் புதுப் பொட்டலம் வந்தது. பழைய பொட்டலத்தில் ஒட்டியிருந்த சீட்டில் கடைசி எழுத்து கொக்கி போல இருக்கும். இதில் இரண்டு குச்சி நின்றது. அவரிடம் காட்டினேன். "பழசத் தடை பண்ணிட்டாங்க மாமா. விக்கிறவன் அதோட தம்பிய அனுப்பியிருக்கான். அதே எடை போடுங்க" என்றார்.

பட்டறையில் புதுச் சாயம் வந்தால், ஒரு துண்டுத் துணியை முக்கிக் காயவைத்து நிறம் பார்த்த பிறகுதான் தொட்டியில் போட விடுவேன். முதலாளியே நின்று கத்தினாலும் விடமாட்டேன். அன்று அதே எடை போட்டேன்.

அரை மணி நேரத்தில் மாப்பிள்ளையின் உடம்பு கொதித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கழண்டு ஓடுது மாமா, பிடிங்க" என்றார். அதன் பிறகு வலிப்பு வந்தது. மகள் ஆம்புலன்சைக் கூப்பிட்டு, ஈரத்துணியால் அவரைத் துடைத்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். நான் ஏறவில்லை. பொட்டலங்களையும் தராசையும் என் டிரங்குப் பெட்டியில் ஒளித்தேன். மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என்ன சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்டார். மகள் தெரியாது என்று அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. புதன்கிழமை அவர் இறந்தார்.

இன்று காலை எல்லாவற்றையும் துணிப்பையில் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்தேன். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்ளக் கூடாது என்று சீட்டில் இருப்பதை ஆய்வாளர் வாசித்த பிறகே அறிந்தேன். மாப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும். வரவழைக்கப்பட்ட டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேரே எங்க புத்தகத்துல இல்ல பெரியவரே. பதினொரு மாசமா அடி வாங்கின நெஞ்சு அது" என்றார். திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அவர் சீட்டைத் திரும்ப மேசையில் வைத்தார்.

இதைச் சொன்னால் வழக்கு என் பக்கம் திரும்பும் என்று ஆய்வாளர் இருமுறை எச்சரித்தார். தெரிந்தே சொல்கிறேன். மகளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

எழுதியதை எழுத்தர் வாசித்துக் காட்டக் கேட்டேன்; நான் சொன்னதில் கூடவுமில்லை, குறையவுமில்லை. எடை போட்ட வலது கை விரலை வைக்கிறேன் என்றேன். இடது கைதான் வழக்கம் என்றார்கள்.

இடது கைப் பெருவிரல் ரேகை.