நோயாளியோடு சண்டை போடுங்கள்!

என் குரலுக்கும் காதுகொடுக்கத் துணிந்திருக்கும் தலைவர் அவர்களே! நோய்க்கு மருந்தும் நொந்த நெஞ்சுக்கு நல்வாக்கும் வழங்கும் மருத்துவப் பெருமக்களே! கையில் மாத்திரைச் சீட்டும் மனத்தில் மலையளவு கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! என்னினும் மூத்தவர் எவரேனும் இருந்தால், பெரியோர்களே! வாசலில் கடைசியாக ஒன்றை இழுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு பின்வரிசையில் பதுங்கியிருக்கும் என் இனத்துத் தம்பிமார்களே! சிரிக்காதீர்கள், வாசனை மேடைவரை வருகிறது. அனைவருக்கும் வணக்கம்!

என்னம்மா? மைக்கைக் கிட்டே வைக்கச் சொல்கிறீர்களா? கிட்டேதான் இருக்கிறது தாயே. என் தொண்டைதான் தூரத்தில் இருக்கிறது.

எழுத்தறியாதவன் நான், ஆண்டை எண்ணாகச் சொல்ல வராது. ரயிலடிக்குள் வெள்ளம் புகுந்து, சீட்டுக் கொடுக்கிறவர் மேசைமேல் ஏறி நின்றாரே, அந்த ஆண்டு. ஆற்றுப் பாலத்துக்கு இரண்டாம் முறையாகத் திறப்பு விழா நடத்தினார்களே, அதே ஆண்டு! அப்போதுதான் என் தொண்டையில் கட்டி என்றார்கள். "புகையை அடியோட விட்டுடுங்க. விட்டாத்தான் சிகிச்சை நல்லா பிடிக்கும்" என்றார் டாக்டர்.

நான் தச்சன். பட்டறையில் உளி இல்லாமல் இருப்பேன். உதட்டில் சிகரெட் இல்லாமல் இருக்கமாட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததும் உலகமே இனித்துப்போனது ஐயா! வாயைத் திறந்தாலே திட்டுகிற முதலாளி என் காலைப் பிடித்துவிட்டார். புகைத்தால் ஊரையே கூட்டுகிற என் மனைவி, தானே கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கிவந்து தலையணைக்கடியில் வைத்தாள். "ஆசைப்பட்டதைக் குடிக்கட்டும், பாவம்" என்றாள்.

பரிவா அது? பாசமா அது? பெட்டி செய்கிறவனுக்குத் தெரியாதா, சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற பார்வை எதுவென்று? அவர்கள் நீட்டிய ஒவ்வொரு சிகரெட்டும் "நீ பிழைக்கமாட்டாய்" என்றது. நானும் நம்பினேன். ஆஸ்பத்திரித் தோட்டத்து மரத்தடியில் போய்ப் புகைத்தேன். புகைத்துப் புகைத்து அழுதேன்.

ஒருநாள் மாலை என் கொழுந்தியாள் வந்தாள். தையல்காரி. நாக்கும் கத்தரிதான்.

"என்னத்தான், படுத்துட்டா விட்டுடுவேனா? நீங்க மாட்டின அலமாரிக் கதவு கோணலாத் தொங்குது. எப்ப வந்து சரிபண்றீங்க?"

"அடியேய், இந்த நிலைமையில போயி..." என்று என் மனைவி பதறினாள்.

"எந்த நிலைமை, அக்கா? நோவு தொண்டையில. கைக்கு என்ன கேடு?" தலையணையைத் தூக்கினாள், பெட்டியைப் பிடுங்கினாள்.

"போகப்போறவன்டி நான். இந்த ஒரு சுகத்தையாவது விடு" என்று முனகினேன்.

"யாரு சொன்னா போகப்போறீங்கன்னு? டாக்டர் சொன்னாரா? அவரு பிழைக்க வழி சொல்றாரு, நீங்க எல்லாரும் கூடி வழியனுப்பு விழா நடத்துறீங்க! எனக்குக் கதவு நேரா நிக்கணும். அதுவரைக்கும் உங்களுக்குச் சாக நேரம் கிடையாது!"

வசை என்பதா அதை? வாழ்த்து என்பதா? என்னை உயிருள்ளவனாக நடத்தியது அந்த ஒரு வாய்தான்!

விட்டேன். எளிதாகவா விட்டேன்? எரிச்சல் ஏறியது, இருந்த ஒரே துணையும் போனதே என்று மனம் ஏங்கியது. அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். அதற்கும் மருந்து கொடுத்தார், அருகில் அமர்ந்து பேசவும் ஆளை அனுப்பினார். தினமும் மாலையில் கொழுந்தியாள் வருவாள், வம்புக்கு இழுப்பாள். குரல் கம்மியிருந்ததால் வார்த்தையை வீணாக்க முடியாது. புகைக்கத் தோன்றும்போதெல்லாம் அவளை மடக்க ஒரு பதிலைச் செதுக்கினேன். ஒரு மாலை அவளே வாயடைத்து நின்றாள். அன்று சிரித்தேன் பாருங்கள், கட்டி வந்தபின் முதல் சிரிப்பு! புகையை விட்டால் மனம் ஒடியும் என்று பயந்தவன், விட்டபின்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எல்லாருக்கும் என்னைப்போல் நோய் தீரும் என்று சத்தியம் செய்ய நான் யார்? ஆனால், நோயில் கிடப்பவன் கையில் சிகரெட்டைத் திணித்துவிட்டு அதற்குக் கருணை என்று பெயர் வைக்காதீர்கள்! அவனுக்கு நாளைக்கு ஒரு வேலை வையுங்கள். நாளைக்கு ஒரு வம்பு வையுங்கள். நாளை என்று ஒன்று உண்டென்று அவன் காதில் விழட்டும்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இடம் தந்த தலைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. போய் வருகிறேன், வணக்கம். எனக்கு அவசரம். அன்று என் கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் முதலாளி போய்விட்டார், டாக்டர் போய்விட்டார், என் மனைவியும் போய்ச்சேர்ந்தாள். எஞ்சியிருப்பவள் ஒருத்திதான். இதே ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் மேல்மாடியில், நெஞ்சு நோயோடு படுத்திருக்கிறாள். நேற்றிலிருந்து எல்லாரும் அவளிடம் தேனொழுகப் பேசுகிறார்களாம். விடலாமா? இதோ, சண்டை போடப் போகிறேன், என் கொழுந்தியாளோடு!