வானில் இல்லாத விமானத்தின் நிழல்

அவைக்குத் தலைமை தாங்கி, பேச வருகிறவர்களின் நேரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கும் தலைவர் அவர்களே! நெஞ்சின் மேல் பதக்கத்தையும், நெஞ்சுக்குள் அதைவிடக் கனமான எதையோவும் சுமந்தபடி மேடையில் வீற்றிருக்கும் முன்னாள் படைவீரப் பெருமக்களே! பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிட்டு, வாசலில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்த தாய்மார்களே! ஆண்கள் போன பிறகு ஊரை ஓட்டிய சகோதரிகளே! உட்கார இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டு, "இந்த அம்மா எப்ப முடிப்பாங்க?" என்று யோசிக்கும் தம்பி தங்கைகளே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் படைகளைப் பற்றிப் பேசினார்கள். பீரங்கிகளைப் பற்றிப் பேசினார்கள். பிடித்த ஊர்களையும் இழந்த ஊர்களையும் பற்றிப் பேசினார்கள். எனக்கு அவ்வளவு பெரிய பேச்சு வராது. நான் ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒருவர் வானத்தில் இருந்தார். ஒருவர் வானத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருத்தி, வானத்திலிருந்து விழுகிறவர்களுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவர் என் பெரிய மாமா. பிறவியிலேயே பார்வை இல்லை. பிரம்பு நாற்காலி பின்னுவது அவர் தொழில். நடுவில் பிறந்தவள் என் அம்மா. நூற்பாலையைப் பாராசூட் தைக்கும் ஆலையாக மாற்றியபோது வேலைக்குச் சேர்ந்தவள். கடைக்குட்டி சின்ன மாமா. குண்டுவீச்சு விமானத்தில் பறந்துகொண்டே அதன் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்.

கண் தெரியாதவருக்குப் போரில் என்ன வேலை என்கிறீர்களா? அந்தக் காலத்தில் எதிரி விமானம் வருவதை முன்கூட்டிச் சொல்லக் கருவி இல்லை. காதுதான் கருவி! ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில், கல்யாணப் பந்தலில் ஒலிபெருக்கி கட்டியது போலப் பெரிய பெரிய தகரப் புனல்களை வானத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள். அவற்றைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என் பெரிய மாமா. சத்தம் கேட்டால் கையைத் தூக்குவார். பக்கத்தில் இருப்பவர் அபாயச் சங்கின் கைப்பிடியைச் சுற்றுவார்.

அந்தப் பக்கத்து ஆள் யார் தெரியுமா? எங்கள் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். பட்டப்பெயரே 'கண்ணாடி'. அவரைத்தான் பைனாகுலர் கொடுத்து வானத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்! சிரிக்கிறீர்கள். அவரும் சிரிப்பார். "உன் மாமனுக்குக் கண்ணு இல்ல, எனக்கு இருந்தும் இல்ல. எங்க ரெண்டு பேரையும் நம்பித்தான் இந்த ஊரு தூங்குச்சு" என்பார்.

சின்ன மாமாவின் விமானத்தைப் பெரிய மாமாவுக்கு நன்றாகத் தெரியும். சீராக ஓடிக்கொண்டே வரும் எஞ்சின், இடையிடையே ஒருமுறை இருமும். "அதைச் சரி பண்ண உனக்குத் துப்பில்லையாடா?" என்று அம்மா கேட்பாளாம். "சரி பண்ணிட்டா அண்ணனுக்கு எப்படிக்கா தெரியும், நான்தான் வரேன்னு?" என்பாராம் அவர். மாலையில் மலைக்கு அப்பால் உள்ள தளத்திலிருந்து கிளம்பி எங்கள் ஊர் மேலாகப் போவார்கள். விடியலில் திரும்புவார்கள். இருமல் கேட்டதும் பெரிய மாமா ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, "வந்துட்டான்" என்பார். அவ்வளவுதான். அன்றைக்கு அந்த வீட்டுக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒரு நாள் விடியலில் இருமல் வரவில்லை.

காலை போயிற்று. வெயில் ஏறிற்று. முறை மாற்ற வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெரிய மாமா தொட்டியிலேயே இருந்தார். கண்ணாடியும் அவரை விட்டுப் போகவில்லை. "வேற தளத்துல இறங்கியிருப்பான்ப்பா. எண்ணெய் தீர்ந்திருக்கும்" என்று சொல்லிப் பார்த்தார். பெரிய மாமா ரப்பர் குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

உச்சி வேளை. மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சுத் துணுக்கு கூட இல்லாத வானம். திடீரென்று பெரிய மாமா நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

"வந்துட்டான்!"

கண்ணாடி பைனாகுலரை எடுத்தார். கிழக்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். "எங்கப்பா? ஒண்ணும் இல்லையே. எனக்குச் சத்தமும் கேக்கலையே."

"இருமுது பாரு! நேரா நம்ம தலைக்கு மேல."

தலைக்கு மேல் வெறும் நீலம். ஆனால், அவையோரே, அப்போது கண்ணாடி கீழே பார்த்தார். தொட்டியிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும். கூரைகளின் மேல் ஒரு நிழல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு இறக்கை. நீண்ட உடல். வால். பல வருடம் கழித்து, அவர் கடையில் உட்கார்ந்து இதை நானே கேட்டேன். கையில் கத்தரிக்கோல் அசையாமல் நின்றது. சொன்னார்: "நிழல்னா எப்படி இருக்கும் பாப்பா? சுவர்ல ஏறும்போது மடங்கும். பள்ளத்துல இறங்கும்போது நீளும். இது எங்கேயும் மடங்கலை. ஊரே தட்டையா இருக்கற மாதிரி அது பாட்டுக்குப் போச்சு."

அந்த நிழல் ஆலையின் மேல் போய் வட்டமிட்டது. ஒரு சுற்று. மறு சுற்று. மீண்டும் ஒரு சுற்று.

பெரிய மாமாவின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி வடிந்தது. "சத்தம் வருது. ஆனா காத்தைக் கிழிக்கற ஓசை இல்லையே! கிட்ட வந்தா பெருசாகணும், ஆகலை. எட்டப் போனா சிறுசாகணும், ஆகலை. என் காதுக்குள்ளயே சுத்தற மாதிரி இருக்கு." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவன் போக மாட்டேங்கிறான். என்னமோ சொல்றான். சங்கைச் சுத்து."

"யாருக்குச் சங்கு? நம்ம விமானத்துக்கா?"

கண்ணாடி கேட்டது நியாயம்தானே! நம் விமானத்துக்குச் சங்கு ஊதக்கூடாது என்பது விதி. முன்பு ஒருமுறை ஏதோ லாரிச் சத்தத்தை நம்பி ஊதப்போய், ஆலை அரை நாள் நின்று, இருவரும் அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தவறு நடந்தால் தொட்டியிலிருந்து இறக்கிவிடுவதாக எச்சரித்திருந்தார்கள். தம்பியின் குரலைக் கேட்கக் கிடைத்த ஒரே இடம் அந்தத் தொட்டி உச்சி. அதை இழக்க எந்த அண்ணன் துணிவான்?

துணிந்தார். தட்டுத் தடவிப் போய், தானே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். சங்கு ஊதியது!

ஆலைக்குள் என் அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் சலித்துக்கொண்டே எழுந்தார்கள். "மறுபடி லாரியா இருக்கும்" என்றாள் ஒருத்தி. அம்மாவுக்கு அடுத்த இயந்திரத்தில் மேற்பார்வை பார்க்கும் அக்கா இருந்தார். குள்ளம், உருண்டை உடம்பு. எல்லோரும் 'நூல்கண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் எழவில்லை. அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கக்கா!"

"நீ போம்மா. கயிறு சேருற இடம் இது. பாதித் தையல்ல விட்டுட்டுப் போய், யாராவது முடிஞ்சதுன்னு எடுத்து மடிச்சுட்டா, ஒரு பையன் அந்தரத்துல போயிடுவான். முடிச்சு போட்டுட்டு வரேன்."

அம்மா முற்றத்துக்கு வந்தாள். கழுவிய பட்டுத் துணிகள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. துளிக் காற்று இல்லை. அந்த நிழல் முற்றத்தின் மேல் வந்தது. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வானத்தில் எதுவும் இல்லை. குனிந்து பார்த்தார்கள். காலடியில் நிழல்! அதற்குள் நின்றவர்களுக்குக் கிணற்றுக்குள் இறங்கியது போலச் சில்லிட்டது. கொடியில் தொங்கிய துணிகள் அத்தனையும் மெல்ல எழுந்தன, தாய்மார்களே. பக்கவாட்டில் அல்ல. மேல் நோக்கி. யாரோ தூக்கிப் பிடித்தது போல.

யாரும் கத்தவில்லையாம். அதுதான் அம்மாவுக்குக் கடைசி வரை வியப்பு. அத்தனை பெண்கள், ஒரு சத்தம் இல்லை.

நிழல் நகர்ந்தது. ஆற்றங்கரைச் சுவரை ஒட்டி வெட்டியிருந்த பதுங்குகுழியின் மேல் போய் நின்றது. நின்றது என்கிறேன்! பறக்கிற விமானம் நிற்குமா? அது நின்றது. பெண்கள் ஓடிப்போய் அந்த நிழலுக்குள் இறங்கினார்கள்.

அப்புறம்தான் எதிரி விமானங்கள் வந்தன. மலை இடுக்கு வழியாக, ஆற்றை ஒட்டி, மரங்களின் உச்சியைத் தொடுகிற தாழ்வில் வந்தன. மலை சத்தத்தை மறைத்துவிட்டது. எந்தப் புனலுக்கும் அது எட்டவில்லை. ஆலையின் தையல் கூடம் ஒரே மூச்சில் தரைமட்டமானது. மண்ணும் ஓடும் இரும்பும் மழையாகக் கொட்டின. குழியின் மேல் ஒரு கல் விழவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு, பெண்களின் முதுகில் சுள்ளென்று வெயில் பட்டது. அப்போதுதான் தெரிந்தது, அதுவரை நிழல் இருந்தது என்று.

நூல்கண்டு அக்கா வரவில்லை.

விசாரணை நடந்தது. அதிகாரி நல்ல மனிதர். கையில் பேனாவோடு பெரிய மாமாவிடம் கேட்டார்.

"எதிரி விமானச் சத்தம் கேட்டுச்சா?"

"இல்லை சார்."

"அப்புறம் எதுக்குச் சங்கு ஊதுனீங்க?"

"என் தம்பி வந்து சொன்னான் சார்."

"எப்போ?"

"மத்தியானம். சங்கு ஊதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

அதிகாரி பேனாவை வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உட்காருங்க" என்றார். பிறகு சொன்னார்: "உங்க தம்பியோட விமானம் விடியக்காலையிலயே கடல்ல விழுந்துடுச்சு. கூடப் பறந்தவங்க கண்ணால பார்த்திருக்காங்க. யாரும் தப்பலை. உங்க வீட்டுக்கு நானே நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தேன்."

பெரிய மாமா ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினார். அப்புறம் கேட்டாராம்: "கடல்லேர்ந்து இங்க ரொம்ப தூரமாச்சே சார்?"

கண்ணாடி அப்போது பக்கத்தில் இருந்தார். அந்த ஒரு கேள்வியைச் சொல்லும்போது மட்டும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

அதிகாரி தணிந்த குரலில் சொன்னார்: "எதிரி சத்தம் கேட்டதுன்னு சொல்லிடுங்க. பதக்கம் கிடைக்கும். நீங்க சொல்றதை நான் எழுதினா, புத்தி பிசகிடுச்சும்பாங்க."

"கேக்காததைக் கேட்டேன்னு எப்படி சார் சொல்லுவேன்? நான் காதை வச்சுப் பொழைக்கிறவன்."

பதக்கம் வரவில்லை. ஓய்வு கொடுக்கிறோம் என்று மரியாதையாகத் தொட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பெரிய மாமா நாற்காலி பின்னப் போய்விட்டார். வானத்தைப் பற்றிப் பிறகு அவர் பேசியதே இல்லை. அம்மா இடிந்த கூடத்துக்குப் பதிலாக ஒரு நாடகக் கொட்டகையில் போட்ட இயந்திரத்தில், நூல்கண்டு அக்காவின் வேலையை எடுத்துக்கொண்டாள். போர் முடியும் வரை தைத்தாள். அவள் பிரித்துத் தைத்த தையல் உண்டு. பாதியில் விட்ட தையல் கிடையாது. கிழவியான பிறகும் விமானச் சத்தம் கேட்டால் அம்மா வானத்தைப் பார்க்க மாட்டாள். தரையைப் பார்ப்பாள்.

படையின் கணக்குப்படி என் சின்ன மாமாவின் சேவை அந்த விடியலோடு முடிந்தது. நான் கேட்கிறேன்: முடிந்ததா? உயிர் போன பிறகும் ஒருவன் தன் ஊரைத் தேடி அத்தனை தூரம் வந்தானே, அது எந்தச் சேவை? எதிரில் சாவு நிற்கும்போது, முகம் தெரியாத ஒரு பையனுக்காக முடிச்சுப் போட உட்கார்ந்தாரே ஓர் அக்கா, அது எந்தப் படை? இருந்த ஒரே வேலையைப் பணயம் வைத்து, காதில் விழுந்ததை நம்பிச் சங்கைச் சுற்றினாரே ஒருவர், அது எந்தப் போர்முனை? நீங்கள் என்னை நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நானே சில நாள் நம்புவேன். சில நாள் நம்பமாட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் செய்யுங்கள். அன்றைக்கு அந்தப் பதுங்குகுழியில் இருந்த பெண்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் யாராவது இந்த அவையில் இருந்தால், தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்.

ஆமாம் ஐயா, நீங்களும்தான். அந்தக் குழந்தையையும் தூக்கிப் பிடியுங்கள் அம்மா... சுவரோரம் நிற்கும் தம்பி, கையை மட்டும் உயர்த்துங்கள்... பின்னால் இன்னும் எழுகிறார்கள்... தலைவர் அவர்களே, நீங்களுமா!

உட்கார்ந்திருப்பவர்களே, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். எழுந்து நிற்பது பாதி அவை. இவ்வளவு பேரும் ஒரு நிழலுக்கு அடியில் பிழைத்தவர்கள்! நிற்பவர்களே, நீங்கள் நடக்கும் ஒவ்வொரு நாளும், நிழலாக வந்தவர், முடிச்சுப் போட்டவர், சங்கைச் சுற்றியவர் ஆகிய மூவரின் சேவை தொடர்கிறது. அதை வீணாக்காமல் வாழுங்கள். அதற்கு மேல் ஒரு பதக்கத்தை என் வீட்டார் கேட்கவில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. வரவேண்டியவர்கள் எல்லோரும் வீடு வந்து சேரட்டும். வணக்கம்.